பாட்டு டவுன்லோடு கிரெடிட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணைய இசைக் கடைகள் அவ்வப்போது அள்ளிவிடும், காசில்லாமல் பாட்டு இறக்கிக்கொள்ள உதவும் கிரெடிட்டுகளைத் தேடிப் பிடிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். கிடைத்ததைத் தெரிந்தவர்களுக்கும் அனுப்புவேன். அனுப்பிய அரை மணி நேரத்தில் போன் வரும்: "போட்டுப் பாத்தேன், வேலை செய்யலையே." அடுத்தவருக்கும் அதே சந்தேகம், நானும் அதே பதில். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பதிலில் மட்டும் 'கோட்' என்பதைக் குறியீடு என்று எழுதுகிறேன். 'கோடை' என்று எழுதப்போய் நடுநடுவே வெயில் காலம் வந்துவிடுகிறது.

கிரெடிட், கோட், கூப்பன், கிஃப்ட் கார்டு எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. குறியீடு என்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை. அது யார் கையிலும் இருக்கலாம். கடையில் உங்கள் கணக்கில் அதைப் போட்ட நொடியில் அது கிரெடிட்டாகிவிடும். அப்புறம் உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும், வெளியே எடுக்க முடியாது. போடாத குறியீட்டை அடுத்தவருக்குக் கொடுக்கலாம், போட்ட கிரெடிட்டைக் கொடுக்க முடியாது. கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கின்றன.

கூப்பன் என்றால் பெரும்பாலும் தள்ளுபடி மட்டும்தான், மீதியை நீங்கள் கட்ட வேண்டும். கிஃப்ட் கார்டு வேறு ரகம். யாரோ முழுப் பணம் கொடுத்து வாங்கியது அது. விளம்பர கிரெடிட்டுக்கு யாரும் உங்கள் பெயரில் பணம் கட்டவில்லை. அதனால்தான் அதில் கடைசித் தேதி, எதற்குச் செல்லும் எதற்குச் செல்லாது என்கிற நிபந்தனைகள் எல்லாம் இருக்கின்றன. பணமாகத் திருப்பிக் கேட்கவும் முடியாது.

அதான் ஸ்ட்ரீமிங்ல எல்லாப் பாட்டும் இருக்கே, டவுன்லோடு எதுக்கு?

ஸ்ட்ரீமிங்கில் சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். பாட்டை வெளியிட்ட நிறுவனத்துக்கும் கடைக்கும் ஒப்பந்தம் முடிந்தால் நேற்றுக் கேட்ட ஆல்பம் இன்று பட்டியலில் இருக்காது. இறக்கி வைத்த கோப்புக்கு இந்தப் பிரச்சினை இல்லை. வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், கட்டாயம் ஒன்றும் இல்லை.

கடைக்காரன் ஏன் சும்மா குடுக்கிறான்? எங்கயோ இடிக்குதே!

சந்தேகப்படுவது நல்லதுதான். ஆனால் இதில் மர்மம் எதுவும் இல்லை. ஒரு பாட்டை இலவசமாக எடுக்க நீங்கள் கணக்குத் தொடங்க வேண்டும், பல கடைகளில் கார்டு விவரமும் கொடுக்க வேண்டும். அந்த வேலை ஒருமுறை முடிந்துவிட்டால் அடுத்த பாட்டைக் காசு கொடுத்து வாங்குவது ஒரு தட்டலில் முடிகிற காரியம். அந்த முதல் தட்டலுக்குத்தான் கிரெடிட்.

இன்னொரு காரணமும் உண்டு: கொடுத்ததில் பெரும்பகுதி பயன்படுத்தப்படாமலே போய்விடும். 2004இல் பெப்சியும் ஆப்பிளும் சேர்ந்து அமெரிக்காவில், ஆப்பிளின் இசைக் கடையான ஐடியூன்ஸிலிருந்து 10 கோடிப் பாட்டுகளை இலவசமாகத் தருவதாக அறிவித்தன. மூன்று பாட்டிலுக்கு ஒன்றில் மூடிக்குள் குறியீடு இருக்கும். பாட்டிலைச் சாய்த்துக் கீழிருந்து பார்த்தால் மூடி திறக்காமலே பரிசு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும் என ஒரு கூட்டம் கண்டுபிடித்து, கடை கடையாகப் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் மாற்றப்பட்டவை சுமார் 50 லட்சம்தான். இருபதில் ஒன்று. 2008இல் பெப்சி இதையே அமேசானோடு சேர்ந்து 100 கோடிப் பாட்டு என்று அறிவித்தது. அந்த முறை ஒரு பாட்டுக்கு ஐந்து மூடி சேர்க்க வேண்டும்.

இதெல்லாம் எங்க கிடைக்குது? எனக்கு மட்டும் கண்ணுல படவே மாட்டேங்குது.

முதலில் உங்கள் மின்னஞ்சலில் 'விளம்பரங்கள்' என்று தனியாக ஒதுங்கிக் கிடக்கும் பகுதியைத் திறந்து பாருங்கள். கணக்கு வைத்திருக்கும் கடையின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். நான் முதன்முதலில் இப்படித் தேடியபோது மூன்று கிரெடிட் அறிவிப்புகள் கிடைத்தன. மூன்றுமே காலாவதி. அன்றிலிருந்து அந்தக் கடைகளின் அஞ்சல்களுக்குத் தனியாக ஒரு கோப்புறை வைத்திருக்கிறேன்.

அடுத்தது, வேறு பொருளோடு ஒட்டி வருபவை. புதிதாக வாங்கும் வினைல் இசைத்தட்டின் உறைக்குள் சில சமயம் சின்னதாக ஒரு அட்டை இருக்கும், அதே ஆல்பத்தை இறக்கிக்கொள்ளும் குறியீட்டோடு. தட்டை எடுத்துவிட்டு உறையை அலமாரியில் செருகுபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. உள்ளுறையையும் ஒரு தடவை தலைகீழாகத் தட்டிப் பாருங்கள். அமேசான் 2013இல் சில குறுந்தகடுகளை வாங்கினால் எம்பி3 வடிவம் தானாகக் கணக்கில் சேரும்படி செய்தது. அதற்குக் குறியீடுகூடத் தேவைப்படவில்லை. 2007இல் தொடங்கிப் பல வருடம் ஸ்டார்பக்ஸ் கடைகளின் கல்லா அருகே இலவசப் பாட்டு அட்டைகள் கிடந்தன, காபி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வழிதான் இன்றைக்கு நன்றாக ஓடுகிறது: இசைக்கலைஞர்களே தருவது. கலைஞர்கள் தங்கள் இசையைத் தாங்களே விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் அவர்கள் தங்கள் ஆல்பத்துக்குக் குறியீடுகளை உருவாக்கிக்கொள்ளலாம், ஒன்று ஒருவருக்குத்தான் செல்லும். புது ஆல்பம் வரும் வாரத்தில் சின்னக் குழுக்கள் தங்கள் அஞ்சல் பட்டியலில் இருப்பவர்களுக்கு இவற்றை அனுப்புவதுண்டு. பிடித்த குழுவின் பட்டியலில் பெயர் கொடுத்து வையுங்கள். பெரிய கடைகளின் கிரெடிட்டுக்குக் காத்திருப்பதைவிட இதில் கிடைப்பது அதிகம் என்பது என் அனுபவம்.

கோட் கிடைச்சிருச்சு. எங்க போடணும்?

பாட்டு வாங்கும் பக்கத்தில் தேடாதீர்கள். அநேகமாக எல்லாக் கடைகளிலும் இதற்குத் தனிப் பக்கம் இருக்கும். ஐடியூன்ஸ் கடையில் கணக்குப் பகுதிக்குள் இருக்கிறது. பேண்ட்கேம்ப்பில் அந்தக் கலைஞரின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் 'யம்' என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்துகளும் சேர்த்தால் குறியீடு கேட்கும் பெட்டி வரும். சாப்பிட்டு நாக்கைச் சப்புக்கொட்டும் அதே 'யம்'தான்.

போடுவதற்கு முன் எந்தக் கணக்கில் உள்நுழைந்திருக்கிறீர்கள் என்று மேல் ஓரத்தில் பெயரைப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே கணினியைப் பயன்படுத்தினால் அண்ணன் வாங்கிய தட்டின் குறியீடு அம்மா கணக்கில் போய் உட்காரும். போனது போனதுதான், முதல் பதிலைப் பாருங்கள்.

போட்டா 'செல்லாது'ன்னு வருது. ஏமாத்திட்டாங்களா?

இருக்கலாம், ஆனால் அது கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும். முதல் சந்தேகம் கண் மீது. சைபருக்கும் 'ஓ' எழுத்துக்கும், ஒன்றுக்கும் 'ஐ' எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாத எழுத்துருவில்தான் அட்டைகளை அச்சடிப்பார்கள் போலிருக்கிறது. ஒரு முறை ஒரு அட்டையோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். நடுவில் இருந்த எட்டு, உண்மையில் 'பி' எழுத்து. சுரண்டும்போது நகம் பட்டு அதன் இடது பக்கம் தேய்ந்திருந்தது.

அஞ்சலிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் முன்னாலோ பின்னாலோ ஒரு வெற்றிடம் சேர்ந்து வரும், அதை அழித்துவிட்டுப் போடுங்கள். நடுவில் இருக்கும் சிறு கோடுகளைச் சில கடைகள் கேட்கும், சில கடைகளுக்குப் பிடிக்காது. இரண்டு விதமாகவும் முயலுங்கள். ஆனால் ஏழெட்டு முறை தவறாகப் போட்டால் திருட முயல்வதாக நினைத்துக் கடை சிறிது நேரம் பூட்டிவிடக்கூடும். மூன்று முறைக்கு மேல் ஆனால் நிறுத்தி, செய்தியை நிதானமாகப் படியுங்கள். 'செல்லாது', 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது', 'உங்கள் பகுதியில் கிடைக்காது' மூன்றும் மூன்று வேறு விஷயங்கள்.

கிரெடிட் இருந்துச்சு, பாட்டு வாங்கினேன், ஆனா கார்டுலேர்ந்து காசு போயிருச்சே?

எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு கடையில் மூன்று பாட்டுக்கான கிரெடிட் வந்தது. ஆசையாக ஒரு நேரடிக் கச்சேரிப் பதிவை எடுத்தேன். மறுநாள் பார்த்தால் முழு விலையும் கார்டில் போயிருந்தது, கிரெடிட் தொடாமல் இருந்தது. நிபந்தனைப் பக்கத்தில் கடைசியிலிருந்து இரண்டாவது வரி: தனிப் பாட்டுகளுக்கு மட்டும், ஆல்பங்களுக்குச் செல்லாது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டேன், வருத்தம் தெரிவித்தார்கள், அவ்வளவுதான்.

இதற்கு நேரெதிரான சங்கடமும் உண்டு. நல்ல பாட்டுக்காக வைத்திருப்போம் என்று நீங்கள் சேமித்த கிரெடிட்டை, வேறு எதையோ வாங்கும்போது கடை தானாகக் கழித்துக்கொள்ளும். ஒரே தட்டலில் வாங்கும் வசதி இருக்கும் இடங்களில் இதைத் தடுக்க வழி கிடையாது. எனவே முதலில் மிக மலிவான ஒரு பாட்டை வாங்கி, ரசீதில் கிரெடிட் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கழிந்திருந்தால் மீதியைத் தைரியமாகச் செலவழிக்கலாம்.

மிச்சம் இருக்கிற கிரெடிட்டைச் சேத்து வச்சு அப்புறம் பெரிய ஆல்பமா எடுக்கலாமா?

வேண்டாம். தேதி தாண்டினால் மிச்சம் சைபர். தேதி என்பதும் உங்கள் ஊர்க் கடிகாரப்படி அல்ல, கடையின் நேரப்படி. நிபந்தனையில் எந்த நேரம் என்று எழுதியிருப்பார்கள். கடைசி நாள் இரவில் வாங்கலாம் என்று உட்கார்ந்தால் அங்கே ஏற்கெனவே மறுநாள் ஆகியிருக்கலாம். நான் இரண்டு நாள் முன்னதாக நினைவூட்டல் வைத்துவிடுவேன்.

மதிப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் பாருங்கள். சில கடைகளில் கிரெடிட் என்பது பணத்தொகை. சிலவற்றில் ஒரு கிரெடிட்டுக்கு ஒரு பாட்டு. இரண்டாவது வகையில் கில்லாடிகள் என்ன செய்வார்கள் தெரியுமா? பழைய இமியூசிக் தளத்தில் பாட்டுக்கு ஒரு கிரெடிட் என்று இருந்த நாட்களில், ஜாஸ், செவ்வியல் இசை பக்கம் போய் இருபது நிமிடம் ஓடும் பதிவாகத் தேடி எடுப்பார்கள். நாலு பதிவு எடுத்தால் ஒரு முழு ஆல்பம் வீட்டுக்கு வந்துவிடும்.

என் அக்கவுண்ட்ல கிரெடிட் சும்மா கிடக்கு, தங்கச்சிக்கு மாத்திவிட முடியுமா?

முடியாது. முதல் பதிலில் சொன்ன அதே விஷயம்தான். விளம்பர கிரெடிட்டை வைத்து அடுத்தவருக்குப் பரிசாக வாங்கவும் பொதுவாக விடமாட்டார்கள். தங்கைக்கும் அந்தச் சலுகை வந்திருக்கிறதா என்று அவர் அஞ்சலில் பார்க்கச் சொல்லுங்கள், வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

சரி, போடாத கோடையாவது மத்தவங்களுக்குக் குடுக்கலாமா, தப்பில்லையே?

(பார்த்தீர்களா, கோடை வந்துவிட்டது.) அது எந்த வகைக் குறியீடு என்பதைப் பொறுத்தது. 'எல்லோரும் பயன்படுத்தலாம்' என்று கடையே ஊரறியச் சொல்லும் பொதுக் குறியீடு ஒன்று. அது பெரும்பாலும் வாசிக்கும்படியான ஒரு சொல்லாக இருக்கும், கணக்குக்கு ஒரு தடவை செல்லும். இதைத் தாராளமாகப் பரப்பலாம். தட்டின் உறையில் இருந்த ஒற்றைக் குறியீடு உங்களுடையது. உங்களுக்கு வேண்டாம் என்றால் நண்பருக்குக் கொடுப்பதில் யாருக்கும் வருத்தம் இருக்காது.

மூன்றாவது வகைதான் சிக்கல்: உங்கள் பெயருக்கென்று வந்தது, 'பிறருக்கு மாற்றக் கூடாது' என்று எழுதியிருப்பது. விமர்சகர்களுக்கு, ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே அனுப்பப்படும் குறியீடுகளும் இதில் சேரும். அதைக் கொடுத்தால் எந்தக் குறியீடு யாருக்குப் போனது என்று அனுப்பியவருக்குத் தெரியும். அடுத்த முறை உங்களுக்கு வராது.

பத்து கோட் இருக்கு. எப்படிக் குடுத்தா சண்டை வராது?

பத்தையும் ஒரே செய்தியில் வரிசையாகப் போட்டுவிட்டு 'எடுத்துக்கோங்க' என்று சொல்லாதீர்கள். எல்லோரும் முதல் வரியில் இருப்பதைத்தான் முயல்வார்கள். ஒருவருக்குக் கிடைக்கும், ஒன்பது பேருக்கு 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று வரும். நாலாவது வரிக்குப் போவதற்குள் அலுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கடைசியில் பார்த்தால் எட்டும் ஒன்பதும் தேதி முடிந்து செத்திருக்கும். ஒரு தடவை நான் இப்படிச் செய்துவிட்டு, 'உன் கோட் எல்லாம் டூப்பு' என்ற பெயரும் வாங்கினேன்.

இப்போது, வேண்டும் என்று கேட்பவருக்கு ஒன்றைத் தனியாக அனுப்புகிறேன். எந்தக் கடை, எந்த ஆல்பம், எந்தத் தேதி வரை, எந்த நாட்டுக் கணக்குக்குச் செல்லும் என்ற நாலு விவரமும் கூடவே போகும். போட்டதும் 'ஆச்சு' என்று ஒரு வார்த்தை அனுப்பச் சொல்வேன். இரண்டு நாளில் அது வராவிட்டால் ஒரு தடவை கேட்பேன். 'இன்னும் போடலை' என்று சொன்னால் அடுத்தவருக்கு மாற்றிவிடுவேன். கொஞ்சம் கறார்தான், ஆனால் வீணாவதில்லை.

பொது இடத்தில் போட்டே ஆகவேண்டும் என்றால் ஒரு எழுத்தை மறைத்து, அதை ஒரு சின்னக் கேள்வியின் பதிலாக வையுங்கள். தானாகக் குறியீடுகளைப் பொறுக்கும் நிரல்கள் அந்த இடத்தில் நின்றுவிடும், மனிதர்களுக்கு மட்டும் கிடைக்கும்.

வாங்கிக்கிட்டா பதிலுக்கு நானும் ஏதாவது குடுக்கணுமா?

தேவையில்லை. எடுத்துவிட்டேன் என்று சொன்னால் போதும்.

பாதி விலைக்குக் கோட் விக்கிறாங்களே, வாங்கலாமா?

விளம்பரக் குறியீட்டை விற்பதைக் கடைகள் நிபந்தனையிலேயே தடுத்திருக்கும். கண்டுபிடித்தால் கிரெடிட்டை ரத்து செய்வார்கள், சில சமயம் கணக்கையே முடக்குவார்கள். அதில் நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய பாட்டுகளும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். மலிவு விலைக் கிஃப்ட் கார்டு இன்னும் ஆபத்து, திருட்டு கார்டில் வாங்கியதாக இருக்கலாம்.

இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அபராதம், வரி, கைது என்று பயமுறுத்தி, கிஃப்ட் கார்டு வாங்கிப் பின்னால் உள்ள எண்ணைப் படிக்கச் சொன்னால் அது மோசடி. விதிவிலக்கே கிடையாது.

ஃப்ரீ கோட் ஜெனரேட்டர்னு ஒண்ணு இருக்காமே?

இல்லை. குறியீடுகள் கடையின் தரவுத்தளத்தில் ஏற்கெனவே பதிவாகியிருந்தால்தான் செல்லும். வெளியிலிருந்து ஒரு நிரல் அவற்றை உருவாக்க முடியாது. கருத்துக்கணிப்பை நிரப்பு, இதை நிறுவு, போன் எண்ணைக் கொடு என்று சுற்றவிட்டு, கடைசியில் கைக்கு எதுவும் வராது. உங்கள் விவரங்கள் மட்டும் அவர்கள் கைக்குப் போயிருக்கும்.

நாலு ஈமெயில் ஐடி வச்சு நாலு தடவை எடுத்தா யாருக்குத் தெரியும்?

கடைக்குத் தெரியும். ஒரே கார்டு, ஒரே சாதனம், ஒரே இணைய முகவரி என்று பார்த்து இணைத்துவிடுவார்கள். மாட்டாவிட்டாலும், பாட்டுகள் நாலு கணக்கில் சிதறிக் கிடக்கும். இரண்டு வருடம் கழித்து எந்தப் பாட்டு எந்தக் கணக்கில் என்று தேடும்போது அந்த இலவசம் எவ்வளவு விலை என்று புரியும்.

வேற நாட்டுக் கடையோட கோட் கிடைச்சா?

அநேகமாகச் செல்லாது. பாடல் உரிமைகள் நாடு வாரியாக விற்கப்படுகின்றன. ஒரே ஆல்பத்துக்கு ஒரு நாட்டில் ஒரு நிறுவனம், இன்னொரு நாட்டில் வேறு நிறுவனம் உரிமையாளராக இருக்கும். அதனால்தான் கடைகள் கார்டின் முகவரியைப் பார்க்கின்றன. பொய் முகவரி கொடுத்து எடுப்பவர்கள் உண்டு. நிபந்தனை மீறல் என்பதால் அந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை. கலைஞர்கள் நேரடியாகத் தரும் குறியீடுகளில் இந்தத் தொல்லை குறைவு.

நான் ஃப்ரீயா எடுத்தா பாடினவருக்குக் காசு போகுமா?

யார் கொடுத்த இலவசம் என்பதைப் பொறுத்தது. கடை தன் செலவில் தரும் கிரெடிட் என்றால், நீங்கள் வாங்கியதாகவே கணக்காகி உரிமையாளருக்குப் பங்கு போவது வழக்கம். கலைஞரே தரும் குறியீட்டில் அவருக்குக் காசு வராது. உங்கள் மின்னஞ்சல் முகவரியும், பிடித்திருந்தால் அடுத்த முறை நீங்கள் வாங்குவதும்தான் அவருக்கு வரவு. பேண்ட்கேம்ப்பில் விலையில்லாமல் இறக்கவிட கலைஞருக்கு மாதம் 200 இறக்கங்கள்தான் இலவசம், அதற்குமேல் அவர்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும். கேட்கப்போவதில்லை என்றால் அப்படிப்பட்டதை எடுக்காதீர்கள், வேறொருவர் பங்கை எடுப்பதாகிவிடும்.

எடுத்தது பிடித்துப்போய்க் காசு கொடுக்க நினைத்தால் அவ்வப்போது வரும் 'பேண்ட்கேம்ப் வெள்ளிக்கிழமை'களைப் பாருங்கள். 2020 மார்ச் 20 அன்று தொடங்கிய வழக்கம் அது, அந்த நாட்களில் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது.

கோடைக் குடுக்கிறதுக்குப் பதிலா இறக்கின பாட்டையே அனுப்பிட்டா? இல்ல, வித்துட்டா?

செய்ய முடியும் என்பதும் செய்யலாம் என்பதும் வேறு. இப்போது விற்கப்படும் எம்பி3களில், நகலெடுப்பதையும் வேறு கருவியில் ஓட்டுவதையும் தடுக்கும் பூட்டு கிடையாது. அமேசான் 2007 செப்டம்பரில் கடை திறந்தபோதே பூட்டில்லாமல்தான் விற்றது, ஐடியூன்ஸ் 2009இல் தன் பாடல்களின் பூட்டை எடுத்தது. ஆனால் பூட்டு இல்லை என்பதற்காக உரிமம் மாறவில்லை. அது உங்கள் சொந்தக் கேட்புக்குத்தான். போடாத குறியீட்டைக் கொடுத்தால் ஒரு பிரதி கைமாறுகிறது. கோப்பைக் கொடுத்தால் ஒரு பிரதி இரண்டாகிறது.

விற்பனை பற்றி நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. பழைய குறுந்தகடு போலப் பழைய எம்பி3யை மறுவிற்பனை செய்ய ரீடிஜி என்ற நிறுவனம் முயன்றது. விற்றவரின் கணினியிலிருந்து கோப்பு நீக்கப்படும் என்று சொல்லிப் பார்த்தது. கோப்பை மாற்றும்போதே புதிய பிரதி உருவாகிவிடுகிறது என்று அமெரிக்க நீதிமன்றம் 2013இல் தடுத்தது, 2018இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது.

ஒரு நாள் கடையையே மூடிட்டா நான் எடுத்ததெல்லாம் என்ன ஆகும்?

இறக்கி வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது. கணக்கில் மட்டும் விட்டு வைத்திருந்தால் போய்விடும். பூட்டுப் போட்ட பாட்டுகள் விற்ற யாகூ இசைக் கடை 2008 செப்டம்பர் இறுதியில் மூடியபோது, புதுக் கணினிக்கு மாற்றினால் பாட்டு திறக்காத நிலை வந்தது. கூகுள் பிளே மியூசிக் 2020 இறுதியில் நின்றது. யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ளாமல், இறக்கியும் வைக்காமல் இருந்தவர்களின் தொகுப்பு 2021 பிப்ரவரியில் அழிக்கப்பட்டது.

கிரெடிட்டில் எடுத்த அன்றே இறக்குங்கள். நாலு நிமிடப் பாட்டு 256 கேபிபிஎஸ் தரத்தில் 8 எம்பிக்கும் குறைவு, இடம் ஒரு பிரச்சினையே இல்லை. ஒலித்தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் வடிவம் கிடைத்தால் அதை எடுங்கள். கோப்பு பெரிதாக இருக்கும், ஆனால் அதிலிருந்து பிறகு எம்பி3 செய்துகொள்ளலாம், எம்பி3யிலிருந்து இழந்த தரத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அப்புறம் வெளிவட்டில் இன்னொரு பிரதி. போட்டு முடித்த குறியீட்டு அட்டையைத் தூக்கிப்போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம். நான் இசைத்தட்டின் உறைக்குள்ளேயே திரும்ப வைத்துவிடுகிறேன், பின்புறம் 'போட்டாச்சு' என்று பேனாவில் எழுதி.